ஆறுமணிக் குருவி ஏன் வரவில்லை?

கேள்வி: செப்டம்பர் 6 (தோப்புப் பறவைகள் பற்றிய இணைய இழையில் ஒருவர் கேட்டது)

"எங்கள் தோப்பில் முன்பெல்லாம் புரட்டாசி பாதியில் ஆறுமணிக் குருவி கூப்பிட ஆரம்பித்துவிடும். நாலு வருஷமாகச் சத்தமே இல்லை. வலசையே குறைந்துவிட்டதா? இன்னொன்று. வெளிநாட்டுப் பறவைகள் இங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கத்தான் வருகின்றன என்று பேப்பரில் படிக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு கூடுகூட என் கண்ணில் பட்டதில்லை. எங்கேதான் கட்டுகின்றன?"

செப்டம்பர் 6, இரவு 9.40

இரண்டாவது கேள்வி லேசு, அதை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கே கூடு கட்டுவதில்லை, அதனால்தான் நீங்கள் பார்க்கவில்லை. ஆறுமணிக் குருவி இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் கூடு கட்டுகிறது. குஞ்சுகள் பறந்தபிறகு தெற்கே இறங்கி, தமிழ்நாடு, கேரளம், இலங்கை என்று தங்குகிறது. பார்க்கப்போனால் அது வெளிநாட்டுப் பறவையே இல்லை.

பேப்பரில் வருகிற குழப்பம் பெரும்பாலும் வேடந்தாங்கலால் வருவது. அங்கே மரம் கொள்ளாமல் கூடு கட்டுகிற கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் நம் பக்கத்துக்குள்ளேயே ஏரிவிட்டு ஏரி மாறுகிறவை. அதே தண்ணீரில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடக்கிலிருந்து வந்து மிதக்கும். அவை சாப்பிட வந்தவை, கூடு கட்டாது. இரண்டையும் ஒரே படத்தில் போட்டு "வெளிநாட்டுப் பறவைகள் இனப்பெருக்கம்" என்று தலைப்பு வைத்தால் வேறென்ன நினைப்பார்கள்?

முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, பதில் கேள்விதான் இருக்கிறது. உங்கள் தோப்பில் சருகு இருக்கிறதா?

செப்டம்பர் 8

"சருகா? வாராவாரம் கூட்டிக் கொளுத்திவிடுவோம், தோப்பு கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று பதில் போட்டிருக்கிறார். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அந்தக் கண்ணாடிக் கட்சியில் இருந்தவன்தான்.

எனக்குச் சின்னமனூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர். தென்னை, ஊடே எலுமிச்சை, கிணற்றடியில் இரண்டு மாமரம். 2014-லிருந்து மூன்று வருஷம் களைக்கொல்லி அடித்து, ஓலை, மட்டை, இலை எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்தி, கல்யாண மண்டபம் மாதிரி வைத்திருந்தேன். வருகிறவர்கள் எல்லாம் "பரவாயில்லையே" என்றார்கள். அந்த மூன்று வருஷமும் தோப்பில் ஆறுமணிக் குருவி இல்லை. காக்கா, மைனா, தவிட்டுக்குருவி, அவ்வளவுதான்.

அப்புறம் நிறுத்திவிட்டேன். பறவைக்காக என்று சொல்ல ஆசைதான், ஆனால் காரணம் கூலி கட்டுப்படியாகவில்லை, எனக்கு முதுகுவலி. விழுந்த இலை விழுந்த இடத்தில் கிடந்தது. இரண்டாவது வருஷ மழைக்கு மாமரத்தடியில் சரசர என்று சத்தம். கீரி என்று நினைத்துப் போனேன். வாலே இல்லாத மாதிரி ஒரு பறவை, மைனா அளவு. தத்தித் தத்தி வந்து நின்றது, அலகால் ஒரு இலையைப் பிடித்துப் பக்கவாட்டில் எறிந்தது, தலையைச் சாய்த்துத் தரையைப் பார்த்தது, மறுபடி ஒரு இலை. முதுகு பச்சை, தோளில் பளீரென்று ஒரு நீலம், வயிற்றின் கீழே குங்குமம் கொட்டினது மாதிரி சிவப்பு. இந்திக்காரர்கள் இதை ஒன்பது நிறக்காரன் என்கிறார்கள். நான் எண்ணிப்பார்த்தேன், ஏழுக்கு மேல் போகவில்லை.

அது தின்பது மண்புழு, கரையான், வண்டு, வண்டுப்புழு. எல்லாம் ஈரச் சருகுக்கு அடியில் இருப்பவை. கண்ணாடி மேல் எதைப் புரட்டும்?

வலசை மொத்தமாகக் குறைந்ததா என்பதை உங்கள் தோப்பை மட்டும் வைத்தும் சொல்ல முடியாது, என் தோப்பை மட்டும் வைத்தும் சொல்ல முடியாது.

செப்டம்பர் 13, காலை

முந்திக்கொண்டு ஒரு நல்ல செய்தி. பூங்குருவி வந்தாச்சு! தொழுவத்துக்குப் பின்னால் எருக்குழி ஓரம், செந்தலைப் பூங்குருவி. தலையும் மார்பும் பழுத்த பப்பாளி நிறம், முதுகு நீலச் சாம்பல். இமயமலையில் கூடு கட்டிவிட்டுக் குளிருக்கு இறங்கி வருகிற பறவை, இந்த வருஷம் ரொம்பச் சீக்கிரம். படம் சுமார்தான், போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 14

அசடு வழிந்துகொண்டு எழுதுகிறேன்.

கோத்தகிரிக்காரர் ஒருவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒரே வரி கேட்டார்: "கன்னத்தில் கோடு இருக்கிறதே, கவனித்தீர்களா?" இருக்கிறது. இரண்டு கோடு, கண்ணிலிருந்து கீழே வழிந்த மை மாதிரி, நடுவில் வெள்ளை. தொண்டையும் வெள்ளை.

செந்தலைப் பூங்குருவியில் நாம் பார்ப்பது இரண்டு வகை. வெள்ளைத் தொண்டையும் கன்னத்தில் கோடும் இருப்பது தென்னிந்தியாவிலேயே பிறந்து வளர்வது. இமயத்திலிருந்து வருவதற்கு முகம் முழுக்க ஒரே செம்மஞ்சள், கோடு கிடையாது. நான் இமயமலைவரை அனுப்பிவைத்த பறவை அநேகமாகப் பக்கத்துத் தோப்பில் பொரித்திருக்கும்.

நேற்றைய பதிவை அழிக்கவில்லை. கிடக்கட்டும்.

செப்டம்பர் 15

நேற்றைய பதிவுக்குக் கீழே கிண்டல் செய்தவர்களுக்கு: பறவையிடம் "ஆதார் கார்டு கேட்டிருக்கலாமே" என்பது நன்றாகத்தான் இருக்கிறது ஐயா, ஆனால் ஒருவர் சொன்னால் போதும், ஐந்து பேர் சொல்ல வேண்டியதில்லை.

செப்டம்பர் 22

மோட்டார் ரூம் பக்கத்தில் ஒரு மூங்கில் கழி நட்டிருக்கிறேன், முன்பு ஒயர் தாங்குவதற்கு நட்டது. இன்று விடியற்காலையில் அதன் உச்சியிலிருந்து தகரத்தைக் கீறுகிற மாதிரி கத்தல். பழுப்புக் கீச்சான். போன வருஷமும் இதே கழி, அதற்கு முந்தின வருஷமும் இதே கழி.

இது சைபீரியா, மங்கோலியா, வடசீனப் பக்கம் கூடு கட்டுகிற பறவை. காக்கையில் பாதிகூட இல்லை. கண்ணை மறைக்கிற கறுப்புப் பட்டை, கொக்கி அலகு, சிடுமூஞ்சித்தனம். வந்த முதல் பத்து நாள் காலையும் மாலையும் கத்தித் தீர்க்கும்: இந்த வேலியிலிருந்து அந்த வேப்பமரம்வரை என் இடம் என்று. அப்புறம் தகராறு ஓய்ந்து, கழியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அதே பறவைதானா என்று கேட்பீர்கள். காலில் வளையம் இல்லாததால் என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வளையம் மாட்டிப் பார்த்த இடங்களில் கீச்சான் வருஷா வருஷம் பழைய இடத்துக்கே திரும்புவது பதிவாகியிருக்கிறது. சைபீரியாவிலிருந்து கிளம்பி ஒரு மூங்கில் கழிக்கு வந்து சேர்கிறது என்பதை நினைத்தால் எனக்கு டீ ஆறிப்போகிறது.

செப்டம்பர் 29

"குளிர்கால விருந்தாளிகள்" என்று எல்லோரும் எழுதுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன். நேற்று நாட்காட்டியைப் புரட்டினபோது உறுத்தியது. கீச்சான் செப்டம்பரில் வந்தால் ஏப்ரல் கடைசியில்தான் போகிறது. ஏழு மாதம். கூடு கட்டுகிற ஊரில் இருப்பது மூன்று, நான்கு மாதம். மிச்சம் வழியில். ஏழு மாதம் தங்குகிறவனை எந்த ஊரில் விருந்தாளி என்பார்கள்? மாப்பிள்ளையாக இருந்தாலும் வீட்டோடு மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள்.

நமக்கு நல்ல சொல் இருக்கிறது, வலசை. ராமநாதபுரம் பக்கம் "வலசை" என்று முடிகிற ஊர்களும் கொங்கு நாட்டில் "வலசு" என்று முடிகிற ஊர்களும் ஏராளம். இடம்பெயர்ந்து போய் உட்கார்ந்தவர்களின் ஊர் என்பார்கள். பறவைக்கும் மனிதனுக்கும் ஒரே சொல்.

அக்டோபர் 4, காலை 6.20

ஆறுமணிக் குருவி கூப்பிட்டுவிட்டது. 6.03-க்கு. "வீஈட்... ட்யூ" என்று இரண்டே சொல், முதலாவது ஏறும், இரண்டாவது சட்டென்று இறங்கும். கழுத்தைப் பின்னால் வளைத்து, அலகை வானத்துக்குத் தூக்கிக் கூப்பிடும். மாமரத்தில் ஒன்று, ஓடைக்கு அந்தப் பக்கம் பதில் ஒன்று. நாலைந்து நிமிஷம்தான், அப்புறம் இறங்கிச் சருகுக்குள் போய்விடும், சாயங்காலம் ஆறுவரை வாய் திறக்காது.

கேள்வி கேட்டவருக்கு: பொறுங்கள், இப்போதுதான் இறங்க ஆரம்பித்திருக்கின்றன.

அக்டோபர் 5, இரவு

நேற்று அவசரத்தில் எழுதாமல் விட்டது. இந்த இரண்டு மூன்று வாரம் ஆறுமணிக் குருவி வீட்டுக்குள், பள்ளிக்கூட வராந்தாவில், கிணற்று மேட்டில் எங்கே வேண்டுமானாலும் கிடக்கும். இரவில் பறந்து வருகிறது, விளக்கு வெளிச்சம் குழப்பிவிடுகிறது, கண்ணாடி ஜன்னலில் மோதுகிறது. கையில் எடுத்தால் பேசாமல் இருக்கும். பழகுகிறது என்று நினைப்பது தப்பு. மயக்கம், களைப்பு, பயம்.

2016-ல் எங்கள் வீட்டு வாசலில் ஒன்று கிடந்தது. தாகமாக இருக்கும் என்று அலகைப் பிரித்துப் பாலாடையில் தண்ணீர் ஊற்றினேன். குழந்தைக்கு ஊற்றுகிற மாதிரி, ரொம்ப அக்கறையாக. இரண்டு தடவை இருமுகிற மாதிரி உதறியது, செத்துப்போனது. தண்ணீர் மூச்சுக்குழலில் போயிருக்கிறது என்று அப்புறம் ஒரு கால்நடை மருத்துவர் சொன்னார். அதன் தோள் நீலத்தை நான் கிட்டத்தில் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இவ்வளவு அழகை இப்படியா பார்க்க வேண்டும் என்று இருந்தது.

செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். ஒரு அட்டைப்பெட்டி, நாலு ஓட்டை, அடியில் துணி. உள்ளே வைத்து மூடி, பூனையும் பிள்ளைகளும் எட்டாத இருட்டான இடத்தில் வையுங்கள். தண்ணீர் வேண்டாம், சோறு வேண்டாம், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து மரநிழலில் பெட்டியைத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பெரும்பாலும் போய்விடும். இறக்கை தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூண்டில் வைத்து வளர்க்கலாமா என்று கேட்டவருக்கு: கூடாது, 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தவிர அதற்கு நீங்கள் நாள் முழுக்கப் புழு பொறுக்க வேண்டியிருக்கும்.

நான் புரட்டாசி, ஐப்பசியில் வாசல் விளக்கை ஒன்பது மணிக்கு அணைத்துவிடுகிறேன்.

அக்டோபர் 19

கொடிக்கால் வாலாட்டி! எலுமிச்சை நிழலில், ஒற்றையாக.

இந்தப் பெயரை வைத்தவருக்கு யாராவது மாலை போட வேண்டும். கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். அகத்தியில் கொடி ஏற்றிவிட்டிருப்பார்கள். உள்ளே எப்போதும் நிழல், எப்போதும் ஈரம், பகலிலேயே சாயங்காலம் மாதிரி இருக்கும். சின்ன வயதில் அப்பத்தாவோடு போனால் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். மற்ற வாலாட்டிகள் எல்லாம் ஆற்றங்கரை, வயல்வெளி, வாய்க்கால் என்று வெட்டவெளியில் ஓடுகிறவை. இது ஒன்றுதான் நிழலுக்குள் நடக்கும், விரட்டினால் வானத்தில் போகாமல் மரக்கிளையில் ஏறி அதிலும் நடக்கும். கொடிக்காலில் வேலை செய்தவர்கள் கண்ணில் பட்டுப் பட்டுத்தான் இந்தப் பெயர் வந்திருக்க வேண்டும்.

இன்னொரு விசேஷம். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், எதைக் கேட்டாலும் "ஆமாம்" சொல்கிற மாதிரி. கொடிக்கால் வாலாட்டி பக்கவாட்டில் ஆட்டும், உடம்பையும் சேர்த்து. "இல்லை, இல்லை, நான் இல்லை" என்று நடக்கிற மாதிரி. மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை, கீழே உள்ளது நடுவில் அறுந்திருக்கும். கிழக்கு சைபீரியா, கொரியா, சீனா பக்கத்துப் பறவை.

எங்கள் பக்கம் கொடிக்கால் குறைந்துகொண்டே வருகிறது. அந்த இடத்தில் வாழை வந்துவிட்டது. பெயரில் மட்டும் கொடிக்காலை வைத்துக்கொண்டு இது எலுமிச்சைக்கு வந்திருக்கிறது.

அக்டோபர் 20

ஒரு திருத்தம். இழையின் நடுவில் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது "வயதான பறவைகள் முன்னால் போய்க் குஞ்சுகளுக்கு வழிகாட்டும்" என்று எழுதிவிட்டேன். வரித்தலை வாத்து மாதிரிப் பெரிய வாத்துகளுக்கும் பெருங்கொக்கு வகைகளுக்கும் அது சரி, குடும்பத்தோடு போகிறவை. சின்னக் குருவிகளில் பெரும்பாலும் அப்படி இல்லை. பிறந்து சில மாதமே ஆன குஞ்சு, இரவில், தனியாக, இதற்குமுன் பார்த்தே இராத ஊருக்குக் கிளம்புகிறது. எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்பது பிறவியிலேயே இருக்கிறது. நட்சத்திரத்தையும் பூமியின் காந்தத்தையும் பார்த்துச் சரிசெய்துகொள்கிறது. என் மகனைத் தேனிக்குத் தனியாக அனுப்ப நான் மூன்று நாள் யோசிக்கிறேன்.

நவம்பர் 11

அடைமழை. மூன்று நாளாகக் கரண்டு வருவதும் போவதுமாக இருக்கிறது. பறவை பார்க்கவில்லை, பதில்களைப் படித்தேன்.

லண்டன் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியதைத் தவறவிடாதீர்கள். அவர் ஊருக்கும் அக்டோபரில் பூங்குருவிகள்தான் வருகின்றன, ஸ்காண்டிநேவியா, ஐஸ்லாந்திலிருந்து. ரெட்விங் என்பது சின்னது, விலாவில் துருப்பிடித்த சிவப்பு, கண்ணுக்கு மேல் வெளிறிய புருவம். ஃபீல்ட்ஃபேர் கொஞ்சம் பெரியது, சாம்பல் தலை, "சக் சக்" என்று கத்தும். இரண்டும் கூட்டமாக வந்து வேலியில் உள்ள முட்செடிப் பழங்களைத் தீர்த்துவிட்டு, உதிர்ந்த ஆப்பிளுக்கு இறங்குமாம். இரவில் மாடியில் நின்றால் இருட்டில் "ஸீஈப்" என்று மெல்லிசாக ரெட்விங் கடந்துபோகிற சத்தம் கேட்கும் என்கிறார். அந்த ஒரு வரிக்காகவே இன்றைக்கு இந்தப் பக்கத்தைத் திறந்தது வீணில்லை.

எனக்குத் தோன்றியது: அவருக்குக் குளிர்காலம் என்றால் பனி, கருகின புல், பழத்துக்குச் சண்டை. நமக்கு அது மழைக்காலம், பூச்சி கொழுக்கிற காலம். "குளிருக்கு இதமாக இங்கே வருகின்றன" என்று நாம் சொல்வது பாதிதான். வடக்கே பூச்சி இல்லை, இங்கே இருக்கிறது. வயிறுதான் காரணம்.

நவம்பர் 27

வந்துவிட்டது. கன்னத்தில் கோடு இல்லாத பூங்குருவி.

நான் சும்மா சொல்லவில்லை, இருபது நிமிஷம் மண்ணில் குந்தியிருந்து, இரண்டு கன்னத்தையும் பார்த்தபிறகுதான் எழுதுகிறேன். முகம் முழுக்கச் செம்மஞ்சள், வெள்ளையும் இல்லை, மையும் இல்லை. எருக்குழி ஓரத்துப் பழைய ஆளிடமிருந்து தள்ளி, மாமரத்தடியில். சருகைப் புரட்டுகிற விதம் ஆறுமணிக் குருவி மாதிரிதான், ஆனால் ஒரு இலையை எறிந்துவிட்டு அப்படியே உறைந்து நிற்கும். எண்ணிப்பார்த்தேன், ஒருமுறை பதினெட்டு விநாடி. புழு அசைகிறதா என்று கேட்கிறதோ என்னவோ.

கோத்தகிரிக்காரருக்குப் படம் அனுப்பிவிட்டேன். "ஆதார் சரிபார்க்கப்பட்டது" என்று பதில்.

டிசம்பர் 14

வேலிக்குள்ளிருந்து யாரோ நாக்கை அண்ணத்தில் தட்டுகிற மாதிரி "டக்... டக்" என்று கேட்கிறது, ஆளைக் காணோம் என்று கேட்டவருக்கு: பிளைத் நாணல் கதிர்க்குருவி. நிறம் என்று எதுவும் கிடையாது, மண்நிறம். நம் வேலிகளில் குளிர்காலத்தில் மிகச் சாதாரணமான பறவைகளில் ஒன்று, ஆனால் பத்துப் பேரில் ஒன்பது பேர் பார்த்திருக்க மாட்டார்கள். பேர் போனதெல்லாம் கலர் இருக்கிறதுக்குத்தான்.

ஜனவரி 15

பொங்கல் கணக்கெடுப்புக்கு நேற்றும் இன்றும் உட்கார்ந்தேன். பதினைந்து நிமிஷம் ஒரு இடத்தில் நின்று பார்த்ததையெல்லாம் எழுதி இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுவது, அவ்வளவுதான். பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். இழையை ஆரம்பித்தவரும் தன் தோப்பில் எடுத்திருக்கிறார். பட்டியலில் ஆறுமணிக் குருவி இல்லை. மாங்குயில் இருக்கிறது, அதை அவர் உள்ளூர் என்று நினைத்திருந்தார். சமவெளியில் பல இடங்களில் அதுவும் மழையோடு வந்து கோடைக்கு முன் போகிறதுதான்.

ஆறுமணிக் குருவி இப்போது 6.30-க்குக் கூப்பிடுகிறது. தை மாதம் விடிவதே தாமதம். அது கடிகாரம் பார்ப்பதில்லை, வெளிச்சம் பார்க்கிறது. பெயர் வைத்தவர் புரட்டாசியில் கேட்டிருப்பார்.

ஜனவரி 24

தேவாரம் பக்கம் மாமாவின் சோளக்காட்டுக்குப் போயிருந்தேன். சூறைக்குருவி. முதலில் ஒரு புகை மாதிரி கரைக்கு மேலே எழுந்தது, அப்புறம் போர்வையை உதறினது மாதிரி மடிந்து திரும்பி, ஒரே வீச்சில் கதிர் மேல் உட்கார்ந்தது. ஆயிரத்துக்குக் குறையாது. தாள் எல்லாம் ஒரே நேரத்தில் வளைகிற சத்தத்தை அன்றுதான் கேட்டேன். மாமா பரணில் நின்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் "இது வெட்டுக்கிளி தின்கிற நல்ல பறவை மாமா, சீனாவில் சின்ஜியாங் பக்கம் வெட்டுக்கிளியை ஒழிக்க இதற்குக் கூடு கட்ட இடமே செய்துகொடுக்கிறார்கள்" என்றேன். அவர் தட்டுவதை நிறுத்தாமல், "அப்ப அங்கேயே இருக்கச் சொல்லு" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. மத்திய ஆசியாவில் குஞ்சுக்கு வெட்டுக்கிளி ஊட்டுவதும் அதுதான், இங்கே மாமாவின் சோளத்தைத் தின்பதும் அதுதான். வீட்டோடு மாப்பிள்ளை என்று எழுதினேனே, இந்த ஒன்றின் விஷயத்தில் மாமனாரையும் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 9

நெல்லைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவன் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் இறங்கிவிட்டேன். வரித்தலை வாத்துகள் கரையில் மாடு மேய்கிற மாதிரி மேய்ந்துகொண்டிருந்தன. இவை திபெத், மங்கோலியா ஏரிகளில் பொரிப்பவை. இமயத்தைத் தாண்டும்போது 7000 மீட்டருக்கு மேல் பறந்ததைச் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். கூந்தன்குளத்து ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தாண்டி வந்த உயரத்தைவிட அது எனக்குப் பெரிதாகப் பட்டது. சரி, இது தோப்புப் பறவை இழை, இதோடு விடுகிறேன்.

மார்ச் 21

உடை மாற்றுகிற காலம். வாய்க்காலில் கருஞ்சாம்பல் வாலாட்டி ஆணுக்குத் தொண்டை கறுக்க ஆரம்பித்திருக்கிறது, திட்டுத்திட்டாக, மழிக்காத தாடி மாதிரி. சூறைக்குருவியின் அழுக்கு ரோஜா நிறம் தெளிந்திருக்கிறது. ஏழு மாதமாக "டக், டக்" தவிர ஒன்றும் சொல்லாத கதிர்க்குருவி இன்று காலை வேலிக்குள் பாடியது. மெதுவாக, ஒரே துண்டை நாலைந்து தடவை திருப்பித் திருப்பி, மறந்த பாட்டை ஞாபகப்படுத்துகிற மாதிரி. எங்கேயோ ரஷ்யாவில் பாட வேண்டிய பாட்டு.

மார்ச் 30

இழை ஆரம்பித்தவர் எழுதியிருக்கிறார். கிழக்கு மூலையில் பத்து மரத்தடியை மட்டும் ஐப்பசியிலிருந்து கூட்டாமல் விட்டிருக்கிறார். ஆறுமணிக் குருவி வரவில்லை. கொடிக்கால் வாலாட்டி ஒன்று போன வாரம் இரண்டு நாள் இருந்ததாம், திரும்பிப் போகிற வழியில் இறங்கினதாக இருக்கும். பாம்பு வரும் என்று வீட்டில் சண்டை என்றும் எழுதியிருக்கிறார். அதில் நியாயம் இருக்கிறது, நான் வீட்டை ஒட்டி இருபது அடிக்குக் கூட்டித்தான் வைத்திருக்கிறேன். ஒரு மழைக்குள் சருகு மக்கி மண்புழு ஏறிவிடாது. எனக்கு இரண்டு வருஷம் ஆனது என்பதை மறுபடி சொல்கிறேன்.

ஏப்ரல் 16

கோடு இல்லாத பூங்குருவியை ஒன்பது நாளாகக் காணோம். ஆறுமணிக் குருவி 11-ஆம் தேதி கடைசியாகக் கூப்பிட்டது. போகிற நாளை யாராலும் பார்க்க முடிவதில்லை. வருகிற நாள் சத்தம் போடும். போகிற நாள், இன்றைக்குக் கேட்கவில்லையே என்று இரண்டு நாள் கழித்துத்தான் உறைக்கும்.

ஏப்ரல் 28

கீச்சான் நேற்றுவரை இருந்தது. இன்று மூங்கில் காலி. எலுமிச்சை முள்ளில் அது குத்திவைத்த வெட்டுக்கிளி ஒன்று, பாதி தின்றது, இன்னும் இருக்கிறது. எறும்பு ஏறிக்கொண்டிருக்கிறது. மோட்டார் ரூமுக்குப் புது ஒயர் இழுக்க வந்த எலக்ட்ரீஷியன் கழியைப் பிடுங்கிப் போடவா என்று கேட்டார். செப்டம்பரில் ஒருவர் வருவார், அவருக்கு வேண்டும் என்றேன். வாடகைக்கு விட்டிருக்கிறேனா என்று பார்த்தார்.

ஜூன் 19

இழை கீழே போய்விட்டது, யாராவது பார்ப்பீர்களா என்று தெரியாது. "எங்கேதான் கட்டுகின்றன" என்ற அந்த இரண்டாவது கேள்விக்கு என் பதிலை இவ்வளவுதான் திருத்த வேண்டியிருக்கிறது: ஒன்று இங்கேயே கட்டியிருக்கிறது.

எருக்குழியிலிருந்து பத்தடி தள்ளி, எலுமிச்சைக் கவட்டில், என் நெஞ்சு உயரத்தில். வேரும் சுள்ளியும் கொஞ்சம் மண்ணும் வைத்து, ஒரு கிண்ணம். மூன்று நாளாக நான் பம்ப் போடப் போகும்போதெல்லாம் ஒரு பறவை தாழ்ந்து பறந்து ஓலைக் குவியலுக்குள் போகிறதே என்று இன்று தள்ளி நின்று பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தது. விளிம்புக்கு மேலே அலகு, கண், வெள்ளைக் கன்னம், அதில் அந்த இரண்டு கோடு. செப்டம்பரில் நான் இமயமலைக்கு அனுப்பிவைத்த அதே ஆள்.

படம் எடுக்கவில்லை, எந்த மரம் என்றும் சொல்லப் போவதில்லை. பம்ப் சுவிட்சுக்கு வேறு வழியாகச் சுற்றிப் போகிறேன்.